எட்டு ஜூன்களின் கைநாட்டு

பட்டம்பாங் நகரில், ஆற்றின் கிழக்குக் கரையில், பல் மருத்துவர் ஒருவரின் கட்டடத்து மாடியில் இயங்கிய நில உரிமை அமைப்பில் கொலாப் மொழிபெயர்ப்பாளராக இருந்தாள். எல்லை அகதி முகாமில் பிறந்தவள். தாய்லாந்துப் பக்கத்து மூங்கில் குடிசையில் பதின்மூன்று வயதுவரை வளர்ந்து, சண்டை ஓய்ந்தபின் லாரியில் ஏற்றிக் கம்போடியாவுக்கு அனுப்பப்பட்டவள். முகாமில் தண்ணீருக்கு வரிசையில் நிற்கும்போது வெளிநாட்டு ஊழியர்களிடம் பேசிப் பேசிப் பழகிய ஆங்கிலம்தான் அவளுக்குச் சோறு போட்டது. கணவன் பல்லா, சந்தைக்குப் பின்னால் வெல்டிங் பட்டறை வைத்திருந்தான்.

ஒவ்வொரு ஜூனிலும் ஒரு மாணவரோ மாணவியோ பயிற்சிக்கு வருவார்கள். நார்வே, கனடா, ஆஸ்திரேலியா என்று ஏதோ ஒரு நாடு. பத்து வாரம் இருப்பார்கள். முதல் வாரம் வயிற்றுப்போக்கு, இரண்டாம் வாரம் கேள்வித்தாள், மூன்றாம் வாரத்திலிருந்து பெங் ரியாங் கிராமம். 2008இல் ஏரிக்கரையிலிருந்து ஒரு கம்பெனிக்காக அகற்றப்பட்ட முப்பத்து நான்கு குடும்பங்களை அரசு அங்கே குடியமர்த்தியிருந்தது. ஐந்து வருடம் விடாமல் குடியிருந்தால் பட்டா என்று சொல்லியிருந்தார்கள். ஒன்பது வருடமாகியும் பட்டா வரவில்லை. இடையில் யார் குடியிருந்தார், யார் இல்லை என்பதற்குக் காகிதம் கொண்டுவாருங்கள் என்றது மாவட்டக் குழு. அந்தக் காகிதம் யாரிடமும் இல்லை.

கொலாப்புக்கு ஒரு பழக்கம் இருந்தது. கிராமத்தில் யாராவது, "இந்தப் புள்ளைக்கு வேற வேல இல்லையா?" என்று கேட்டால், "கொஞ்சம் களைப்பாக இருக்கிறார்களாம்" என்று மொழிபெயர்ப்பாள். மாணவர்கள் வருத்தத்தோடு தலையசைப்பார்கள். இரண்டு பக்கமும் மனம் நோகாமல் வேலை நடந்தது.

2017இல் வந்தவள் மாரித். நார்வேயில் சட்டம் படிப்பவள், இருபத்திரண்டு வயது. இருபது பேரிடம் பேட்டி எடுத்து அறிக்கை எழுத வேண்டும் என்பது அவளுடைய பல்கலைக்கழகத்தின் நிபந்தனை. முதல் பேட்டி சாரூன் வீட்டில். சாரூனுக்கு ஐம்பது தாண்டியிருந்தது. மீன் சுத்தம் செய்துகொண்டிருந்தவள் கத்தியைக் கீழே வைக்கவில்லை.

"வீட்டை இடிச்சப்போ உங்களுக்கு எப்படி இருந்துச்சுன்னு கேக்குறா அக்கா," என்றாள் கொலாப்.

"போன வருஷம் வந்தவன்கிட்ட சொன்னேனே, அதேதான்."

"அவன் வேற ஆளு, இவ வேற ஆளு."

"எனக்கு ஒரே வீடுதானே இடிஞ்சுது தங்கச்சி? ஏழு பேர்கிட்ட அழுதாச்சு. ஒருத்தனாச்சும் என்ன எழுதினான்னு காட்டியிருக்கானா? அந்தக் காகிதமெல்லாம் எங்க போச்சுன்னு முதல்ல கேளு."

கொலாப் வழக்கம்போல வாயைத் திறந்தாள். களைப்பு என்ற சொல் நாக்கு நுனிவரை வந்தது. ஏனோ அன்று அது வெளியே வரவில்லை. சாரூன் சொன்னதை ஒரு சொல் விடாமல் ஆங்கிலத்தில் சொன்னாள். மாரித்தின் முகம் சிவந்தது. நோட்டை மூடி மடியில் வைத்துக்கொண்டாள்.

திரும்பும் வழியில், மோட்டார் சைக்கிளின் பின்னால் உட்கார்ந்தபடி மாரித் கேட்டாள்: "உண்மையிலேயே அந்தக் காகிதங்கள் எங்கே?"

"ஆபீஸ்லதான். ஏசி ரிப்பேரான ரூம்ல."

அலமாரியில் எட்டு வருடக் கோப்புகள் இருந்தன. ஈரம் ஏறி அட்டைகள் ஒட்டிக்கிடந்தன. ஒவ்வொரு பேட்டிக்கும் முன்னால் ஒரு சம்மதப் படிவம். என் விருப்பத்தோடு பேசுகிறேன் என்று பேசியவரின் பெயர், வீட்டு எண், தேதி, அடியில் சிவப்பு மையில் பெருவிரல் ரேகை. பல்கலைக்கழகங்களின் விதி அது. மாணவர்கள் அதை ஒரு சடங்காகச் செய்துவிட்டுப் போயிருந்தார்கள். மாரித் வருடவாரியாக அவற்றைத் தரையில் பரப்பிக்கொண்டிருந்தாள். கொலாப்புக்குத் திடீரென்று உறைத்தது. 2009 ஜூன், பன்னிரண்டாம் எண் வீடு, கைநாட்டு. 2010 ஜூன், அதே வீடு, அதே கைநாட்டு. மாவட்டக் குழு கேட்ட காகிதம் இதுதான்.

இயக்குநர் வுத்தி ஒப்புக்கொள்ளவில்லை.

"பேட்டியெல்லாம் ரகசியம்னு எழுதிக் குடுத்திருக்கோம் கொலாப். வெளிய விட்டா நிதி தர்றவங்க நம்மளைக் கிழிச்சிடுவாங்க."

"யாரோட ரகசியம் அண்ணே?"

"அவங்களோடதுதான்."

"அப்ப அவங்ககிட்டயே குடுப்போம். அவங்க யார்கிட்ட வேணா காட்டட்டும்."

வுத்தி கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். பதில் சொல்ல இரண்டு நாள் எடுத்துக்கொண்டார். ஒவ்வொரு குடும்பத்திடமும் புதிதாக அனுமதி வாங்கினால் சரி என்றார். மாரித் தன் பேராசிரியருக்கு எழுதி, இருபது பேட்டிக்குப் பதிலாக இந்த வேலையைச் செய்ய அனுமதி கேட்டாள். மதிப்பெண் குறையலாம் என்று பதில் வந்தது. குறையட்டும் என்று விட்டுவிட்டாள்.

ஆறு வாரம் கொலாப் ஆங்கிலத்தில் இருந்த பழைய பேட்டிகளைக் கிராமத்தாரின் கெமர் மொழியில் எழுதினாள். மாரித் தேதிகளைச் சரிபார்த்துக் குடும்பத்துக்கு ஒரு கட்டாகப் பிரித்தாள். ஐந்து குடும்பங்கள் வேண்டாம் என்றன. ஒரு கிழவர் தன் பேட்டியைப் படிக்கச் சொல்லிக் கேட்டு, "இவ்வளவு பேசினேனா நான்?" என்று சிரித்தார்.

சாரூனின் காகிதங்களைப் பிரித்தபோதுதான் சிக்கல் வந்தது. மற்றவர்களுக்கு எட்டுக் கைநாட்டு, அவளுக்கு ஏழு. 2012இல் படிவமே இல்லை. 2013இன் பேட்டியில், "ஒன்றரை வருஷம் பாங்காக்கில் கட்டட வேலை செய்துவிட்டுப் போன மாதம்தான் திரும்பினேன்" என்று சொல்லியிருந்தாள். அதை ஆங்கிலமாக்கியவள் கொலாப்தான். அந்த நாளே அவளுக்கு நினைவில்லை. ஐந்து வருடத் தொடர்ச்சி அங்கே அறுந்துவிட்டது.

மறுநாள் கொலாப் தனியாகப் போனாள். சாரூன் அரிசி நூடுல்ஸுக்குக் குழம்பு வைத்துக்கொண்டிருந்தாள். ஒரு கிண்ணம் தந்தாள். சாப்பிட்டு முடித்தபின்தான் கொலாப்பால் சொல்ல முடிந்தது.

"அந்த ஒரு தாளை எடுத்துட்டா?" என்று கேட்டாள் சாரூன்.

"2012 காலியாத்தான் இருக்கும். கேப்பாங்க."

சாரூன் அடுப்பைக் குறைத்தாள். "என் புருஷன் காலு ஒடிஞ்சு கெடந்தப்போ போனேன். ஊர் சுத்தப் போகல. அது எழுதியிருக்கா?"

"எழுதியிருக்கு அக்கா. நீங்க சொன்னது அப்படியே இருக்கு."

"அப்ப எல்லாத்தையும் குடு. என் ஒருத்திக்காகத் தாளைக் கிழிச்சா மத்தவங்களோடதையும் நம்ப மாட்டான்."

ஆகஸ்டில் இருபத்தொன்பது கட்டுகள் மாவட்டக் குழுவுக்குப் போயின. மாரித் அதே வாரம் விமானம் ஏறினாள். அறிக்கைக்கு அவளுக்குச் சுமாரான மதிப்பெண்தான் கிடைத்தது என்று பிறகு எழுதியிருந்தாள். அடுத்த ஏப்ரலில் இருபத்தொரு குடும்பங்களுக்குப் பட்டா வந்தது. ஏழு மனுக்கள் பரிசீலனையில் நின்றன. சாரூனின் மனு தள்ளுபடியானது. 2013லிருந்து கணக்கு வைத்து, ஐந்து வருடம் முடிந்தபின் மீண்டும் மனுச் செய்யலாம் என்று ஒரு வரி எழுதியிருந்தார்கள். பட்டா வாங்கியவர்கள் பன்றி அடித்து விருந்து வைத்தார்கள். சாரூன் போய்க் காய் நறுக்கிக் கொடுத்துவிட்டு, சாப்பிடாமல் வீட்டுக்கு வந்துவிட்டாள். கொலாப் அந்த விருந்துக்குப் போகவில்லை.

அதன்பின் கொலாப் வுத்தியிடம் ஒரே ஒரு நிபந்தனை வைத்தாள். பேட்டி எடுத்த ஒரு வாரத்துக்குள் பேசியவர் கையில் கெமர் பிரதி இருக்க வேண்டும், இல்லாவிட்டால் தான் கிராமத்துக்கு வண்டி ஏறப்போவதில்லை என்றாள். வேலை இரட்டிப்பானது. மாணவர்களின் கேள்விகள் சுருங்கின. சொன்னதைச் சொன்னபடியே மொழிபெயர்த்ததால் சிலர் முகம் வாடினார்கள். ஒரு மாணவன் நடுவிலேயே ஊர் திரும்பிவிட்டான். வுத்தி முணுமுணுத்தார், ஆனால் தடுக்கவில்லை.

அந்த நிபந்தனைக்குப் பின் வந்த முதல் ஜூனில், 2018இல், புதிதாக வந்த ஒருத்தியோடு கொலாப் பெங் ரியாங் போனபோது, சாரூன் பாயைத் தட்டிப் போட்டு வைத்திருந்தாள்.

"நேத்தே வருவீங்கன்னு பாத்தேன். இன்னிக்கித் தேதி என்னன்னு பெரிசா எழுதச் சொல்லு அவளை. கேள்வியெல்லாம் அப்புறம் கேக்கட்டும்."

எழுதியதும் மையில் விரலைத் தோய்த்து அழுத்தினாள். ரேகை கலைந்துவிட்டதோ என்று குனிந்து பார்த்து, பக்கத்திலேயே இன்னொன்று வைத்தாள். அந்தப் படிவத்தோடு அவளே பஸ் ஏறி மாவட்ட அலுவலகம் போய் மனுக் கொடுத்தாள். ரசீது வாங்காமல் வாசலைவிட்டு நகரவில்லை. மனு இன்னும் அங்கேதான் இருக்கிறது. மாதம் ஒருமுறை போய்க் கேட்டுவிட்டு, வரும் வழியில் கொலாப்பின் அலுவலகத்து மாடியேறி ஐஸ் காப்பி குடித்துவிட்டுப் போகிறாள்.