உறுமிக்காரரின் வலது மணிக்கட்டு

கோம்பை சாலையில் திராட்சைப் பெட்டிகள் ஏற்றி வந்த என் வண்டியை அந்தச் சத்தம்தான் நிறுத்தியது. உச்சி வெயில். மதுக்கடையை ஒட்டிய தகரக் கொட்டகைக்குள் யாரோ உறுமி வாசித்துக்கொண்டிருந்தார்கள். வளைந்த குச்சியைத் தோலில் இழைத்து, அடிபட்ட மிருகம் முனகுவதுபோல ஓர் ஓசையை எழுப்ப நம் பக்கத்தில் ஒருவரால்தான் முடியும். இன்ஜினை அணைக்கும்போதே ஆள் யாரென்று தெரிந்துவிட்டது.

பிள்ளைகளே, உங்கள் வயதில் நான் அந்த உறுமிக்காரர் பின்னாலேயே திரிந்தவன். கிடா வெட்டும் இடத்தில் ரத்தம் மண்ணில் ஊறிக்கொண்டிருக்கும்; பெரியவர்களே முகத்தைத் திருப்பிக்கொள்வார்கள். நான் மட்டும் அவர் கையைப் பார்த்தபடி நிற்பேன். ஒருமுறை சொல்லாமல் கொள்ளாமல் அவர் மேளத்தோடு பக்கத்து ஊரான தேவாரம்வரை நடந்து போய்விட்டேன். உங்கள் தாத்தா பெல்ட்டால் முதுகை உரித்தெடுத்தார். அந்த வலிகூட உறுமிக்காரருடைய அடியின் கணக்கில்தான் விட்டுவிட்டுத் துடித்தது. அவர் கருப்பசாமியை அழைக்கும் அடியை எடுத்தால் சாமியாடிக்கு முதலில் கால் பெருவிரல் நடுங்கும். பிறகு உடம்பு முழுக்க ஏறும். வரவழைத்தவரே அடியைப் படிப்படியாகத் தணித்துச் சாமியை மலையேற்றி அனுப்ப வேண்டும். நடுவில் நிறுத்தவே கூடாது; நிறுத்தினால் ஆடுகிறவருடைய உயிருக்கே ஆபத்து. இது எனக்குச் சின்ன வயதிலேயே தெரியும். தெரிந்த நான்தான் அன்றைக்கு அப்படிச் செய்தேன்.

அந்தக் கொட்டகை பாரைப் புதிதாகக் குத்தகைக்கு எடுத்தவர், திறப்பு விழாவுக்கு வாசலில் வாழைமரம் கட்டி, உறுமிக்காரரை வரவழைத்திருந்தார். எழுபதைத் தாண்டிய மனிதர் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்து கல்யாண வீட்டு அடிகளை வாசித்துக்கொண்டிருந்தார். குடிக்காத நான் ஒரு பன்னீர் சோடாவை வாங்கிக்கொண்டு அவர் பக்கத்திலேயே நின்றுவிட்டேன். என்னைப் பார்த்ததும் சிரித்தார். "ஏலே, முதுகுல தழும்பு ஆறிருச்சாடா?" என்றார். இத்தனை வருடம் கழித்தும் நினைவு வைத்திருந்தார்.

முன் மேசையில் இருந்த ஒரு டிராக்டர்காரன் குரல் கொடுத்தான். "பெருசு, பொண்ணழைப்புக்கா வந்திருக்கோம்? கருப்பனைக் கூப்பிடும், பாப்போம்."

"அது கோயில் அடி தம்பி. இங்கன கூப்பிட்டா, வந்தவனை உக்கார வைக்க எடமில்ல."

"கை நடுங்குதுன்னு சொல்லும். எதுக்குச் சாமி மேல பழி போடுறீரு?"

எல்லோரும் சிரித்தார்கள். அவர் கண்டுகொள்ளவில்லை. அப்போதுதான் நான் வாயைத் திறந்தேன். "எனக்காக ரெண்டே சுத்து அடிங்கய்யா. கேட்டு எம்புட்டு நாளாச்சு."  டிராக்டர்காரனுக்காக எடுக்காத அந்தக் கோயில் அடியை அவர் எனக்காக எடுத்தார்.

கொட்டகையின் மூலையில் ஒரு மனிதர் சுவரோடு சாய்ந்து குடித்துக்கொண்டிருந்ததை அவரும் கவனிக்கவில்லை, நானும் கவனிக்கவில்லை. மலையடிவாரக் கோயிலில் கருப்பசாமி இறங்கி ஆடும் சாமியாடி அவர். மனைவி செத்ததிலிருந்து கோயில் பக்கமே போகாதவர்.

இரண்டாவது சுற்றில் மேசை பறந்தது. சாமியாடி பாட்டிலைச் சுவரில் அடித்து உடைத்து, கையில் நின்ற கண்ணாடியோடு கொட்டகை நடுவில் குதித்தார். தடுக்கப் போன டிராக்டர்காரனின் கன்னம் காதுவரை கிழிந்தது. ஒருவன் நாற்காலியைத் தூக்கிச் சாமியாடியின் முதுகில் அடித்தான், நாற்காலிதான் உடைந்தது. குத்தகைக்காரர் இரும்புக் குழாயோடு ஓடி வந்தார். தரையெல்லாம் சாராயமும் ரத்தமும் கலந்து வழுக்கியது.

"யாரும் அவரைத் தொடாதீக! நான் எறக்கி அனுப்புறேன்!" உறுமிக்காரர் கத்தியபடியே வாசித்தார். அடி மாறத் தொடங்கியிருந்தது. அது இறக்கும் அடி. எனக்குத் தெரிந்திருக்க வேண்டும். ஆனால் பயத்தில், இந்தச் சத்தம் நின்றால் எல்லாம் நின்றுவிடும் என்று மட்டும்தான் தோன்றியது. பாய்ந்து குச்சியைப் பிடுங்கினேன். அவர் விடவில்லை. கையிலிருந்த சோடா பாட்டிலால் அவருடைய வலது மணிக்கட்டில் ஓங்கி அடித்தேன். எலும்பு முறிந்த சத்தம் எனக்குக் கேட்டது; அந்தக் களேபரத்தில் வேறு யாரும் கவனிக்கவில்லை.

உறுமி நின்றது. கொட்டகையும் அடங்கியது. பாதியில் விடப்பட்ட சாமியாடி திக்குத் தெரியாதவர்போல எங்களைச் சுற்றிப் பார்த்தார். பிறகு கண்ணாடியைத் தன் கழுத்துக்கே திருப்பினார்.

"தூக்கிப் பிடிடா உறுமியை!" என்று உறுமிக்காரர் என்னைப் பார்த்து அலறினார். முறிந்த கை தொங்க, குச்சியை இடது கைக்கு மாற்றினார். நான் மண்டியிட்டு உறுமியை மார்போடு அணைத்துப் பிடித்தேன். அவர் அடித்த ஒவ்வோர் அடியும் தோல் வழியாக என் நெஞ்சில் விழுந்தது. வலியில் அவருக்கு வாயில் எச்சில் ஒழுகியது. அடி தணிந்தது, இன்னும் தணிந்தது. கழுத்திலிருந்து ரத்தம் கோடாக இறங்கிக்கொண்டிருந்த சாமியாடி கண்ணாடியைக் கீழே போட்டார். அப்படியே சரிந்து உட்கார்ந்து, செத்துப்போன மனைவியின் பேரைச் சொல்லி அழுதார்.

போலீஸ் வந்து கை எப்படி முறிந்தது என்று கேட்டபோது, "வாசப்படி வழுக்கிருச்சு, விழுந்துட்டேன்" என்றார் உறுமிக்காரர். நான் பக்கத்தில்தான் நின்றேன். வாய் திறக்கவில்லை.

கை கூடிவிட்டது; ஆனால் கோணலாகக் கூடியது. குச்சி அதில் நிற்பதில்லை. ஒருநாள் அவர் வீட்டுக்குப் போய், ஸ்டேஷனில் உண்மையைச் சொல்லிவிடுகிறேன் என்றேன்.

"நீ சொல்லிட்டா இந்தக் கை நேராகிருமா? ஸ்டேஷனுக்கு நான் ஒரு பொய் சொன்னேன், அது என்னோட இருக்கட்டும். ஊருக்குள்ள என்னமோ சொல்லிக்கிறாகளே, அதை ஒம் பிள்ளைகளும் நம்புறாகளா?"

நம்புகிறீர்கள். கன்னத்தில் தையல் போட்ட டிராக்டர்காரன்தான் அந்தக் கதையைப் பரப்பினான்: திராட்சை வண்டிக்கார அண்ணன் மட்டும் உறுமியைத் தாங்கிப் பிடிக்கவில்லையென்றால் ஓர் உயிர் போயிருக்கும் என்று. தம்பி, நீ அதைப் பள்ளிக்கூடத்தில் சொல்லிக் கைத்தட்டு வாங்கி வந்தாய். பாப்பா, நீ அன்றைக்கு என்னைக் கட்டிக்கொண்டாய். நானும் கட்டிக்கொண்டேன்.

வருகிற ஞாயிற்றுக்கிழமை உங்கள் இருவரையும் அவர் வீட்டுக்கு அழைத்துப் போகப்போகிறேன். கையைக் காட்டி நீங்கள் கேட்டால், வழுக்கி விழுந்தேன் என்றுதான் சொல்வார். உங்கள் அப்பாவை உங்கள் முன்னால் விட்டுக்கொடுக்க மாட்டார். அவர் விழவில்லை, பிள்ளைகளே. நான்தான் அடித்தேன்.