பஸ் பாஸ் உறை

கோவை ஆய்வகத்தில் நாங்கள் செய்த பாலிமர் எந்தச் சூட்டையும் தாங்கும், ஆனால் எதிலும் கரையாது. கரையாததைப் படலமாக ஊற்ற முடியுமா? இன்னொரு மூலப்பொருளையும் சேர்த்து, கோபாலிமர் என்ற கலப்புப் பாலிமராக்கிய பிறகுதான் கரைந்தது. கண்ணாடியில் ஊற்றிக் காயவைத்து உரித்தால் தேன் நிறப் படலம்! மடித்தாலும் விரிசல் விடவில்லை.

மறுநாள் ஒரு துண்டைக் காணோம். மேட்டுப்பாளையத்திலிருந்து வரும் சக ஆய்வாளர் தன் பஸ் பாஸுக்கு அதில் உறை போட்டிருந்தார். கத்தித் தீர்த்தேன்.

"மழையில பாஸ் ஊறிப்போகுதுங்க. இது எதுக்கும் அசையாதுன்னு நீங்கதானுங்க சொன்னீங்க?" என்றார்.

நான் பூட்டி வைத்த துண்டுகளெல்லாம் ஆய்வகத்தை மூடியபோது குப்பைக்குப் போயின. பல வருடங்கள் கழித்து, போன மாதம் அவர் அந்தப் பழைய பாஸைக் காட்டினார். உறையின் ஓரத்தை மடித்துப் பார்த்தேன். இன்னும் விரிசல் இல்லை. உள்ளே போட்டோவில் அவருக்கு இருபத்து நாலு வயது.