முன்வண்டி, பின்வண்டி

மந்திரி வந்தால் பத்துக் கார் ஒன்றாகப் போகும். அதற்குக் கான்வாய் என்று பெயராம். கரும்பு டிராக்டர்கள் வரிசையாக நின்றால் லைன். நாங்கள் மாட்டுவண்டிக்காரர்கள் கரும்பேற்றிக்கொண்டு சேர்ந்து போனால் சாரை. கான்வாயில் பெரிய மனுஷன் போகிற வேகத்துக்கு மற்றவர்கள் ஓட வேண்டும். சாரையில் அது கிடையாது. இருப்பதில் நோஞ்சான் மாடு எதுவோ அதுதான் முன்வண்டி. அது நடக்கிறபடிதான் மற்றதெல்லாம் நடக்கும். பலமான மாடு பின்வண்டி. எவனாவது மேட்டில் திணறினால் பின்வண்டிக்காரன் தன் மாட்டை அவிழ்த்து வந்து இழுத்துவிடுவான்.

எங்கள் சாரைக்கு மேஸ்திரி பாவாடை. சொந்தமாக ஒரு குழி நிலம் இல்லாதவன். கூலி வேலை செய்துகொண்டே ஊரார் கன்றுகளைப் பாதிப் பங்கு பேசி வாரத்துக்கு வளர்த்து, அதில் கிடைத்த பங்கில் ஒரு ஜோடி மாடு சேர்த்தான். இரண்டு பெண்களையும் அந்த மாடுகளை வைத்தே கட்டிக் கொடுத்தான். பார்க்க ஒன்றும் லட்சணமில்லை. எப்போதும் வெற்றிலை எச்சில் ஒழுகும் வாய். குளியல் வாரத்துக்கு ஒருதரம். ஒரு காது மந்தம் வேறு. அவன் பெண்டாட்டி செவ்வந்தி இருபத்தைந்து வருஷமாக எப்படிப் பொறுக்கிறாளோ தெரியவில்லை. ஆனாலும் இன்றைக்கு என் கொட்டகையில் மாடு நிற்கிறதென்றால் அது அவனால்தான்.

ஆறு வருஷத்துக்கு முன்பு, தை மாதம், என் வீட்டுக்காரர் செத்துப்போனார். காரியம் முடிந்த வாரமே எங்கள் கரும்புக்கு ஆலையிலிருந்து வெட்டு உத்தரவு வந்தது. கொழுந்தன் ஆதிமூலம் மாட்டுத் தரகரையே கூட்டி வந்துவிட்டார்.

"இன்னா அண்ணி, பொம்பள நீ வண்டி ஓட்டிக்கினு மூங்கில்துறைப்பட்டு ஆலைக்குப் போவியா? மாட்ட வித்துட்டு கம்முனு வூட்ல குந்து."

"ஒரு நட ஓட்டிக் காட்றேன். போய்ச் சேரலன்னா நீயே புடிச்சிக்கினு போ" என்றேன்.

அந்த மாடுகள் போனால் நான் யாரோ வீட்டு வாசலில்தான் நிற்க வேண்டும்.

விடிந்ததும் ஏழு வண்டிகள் பூட்டினோம். என் வலத்து மாடு கிழம். முறைப்படி நான்தான் முன்வண்டி. வண்டிக்காரன் காத்தான் குறுக்கே வந்தான்.

"மேஸ்திரி, தாலியறுத்தவ மூஞ்சில முழிச்சிக்கினு கெளம்பனா அச்சு முறியும். கடைசில வரட்டும்."

பாவாடை வெற்றிலையை மென்றுகொண்டே தலையாட்டிவிட்டான். அது அவன் தப்பு. என்னைக் கடைசியில் தள்ளிவிட்டார்கள்.

முன்னால் போன காத்தானின் இளமாடுகள் விறுவிறுவென்று நடந்தன. ஓடைப் பாலத்து மேட்டில் என் கிழமாட்டுக்கு மூச்சு வாங்கியது. பூட்டாங்கயிறு அறுந்து மாடு நுகத்தடியிலிருந்து நழுவிவிட்டது. குதித்துச் சக்கரத்துக்குக் கல்லைக் கொடுத்தேன். கத்தினேன். எவனும் திரும்பவில்லை. கடைசி வண்டிக்குப் பின்னால் யார் இருக்கிறார்கள்? அவ்வளவுதான், தரகன் கையில் கயிறு போனதாகவே நினைத்தேன்.

திடீரென்று எல்லா வண்டிகளும் நின்றன. பாவாடை மேட்டிலிருந்து தலைதெறிக்க ஓடி வந்தான். தோளில் கயிறு.

"ஆறு வண்டி மணிதான் கேக்குது. ஒன் மாட்டு மணி கேக்கல யக்கா."

மனுஷன் பேசினால் விழாத காதில் மாட்டு மணி விழுந்திருக்கிறது! கயிறு மாற்றிக் கட்டினான். மேடேற்றினான். வண்டியை அப்படியே எல்லாருக்கும் முன்னால் கொண்டுபோய் விட்டான்.

"காலைலயே இப்படிச் செஞ்சிருக்கணும். எம்மேல தப்பு" என்றான்.

காத்தான் முணுமுணுத்தான். "சகுனம் இன்னா ஆவறது?"

எனக்கு வந்த ஆத்திரத்துக்குக் கேட்டேன்: "ஏன்டா, முன்னால போறவ மூஞ்சி ஒனக்கு எப்பிடிடா தெரியும்? என் முதுகத்தான பாத்துக்கினு வரப்போற!"

ஆறு பேரும் சிரித்துவிட்டார்கள். காத்தானும்தான்.

உச்சிப்பொழுதுக்கு முன்னால் ஆலையில் எடை போட்டோம். அன்று சாயங்காலம் வீட்டு வாசலில் தரகர் காத்திருந்தார். காலி வண்டியை அவர் காலருகில் நிறுத்தி, "மோர் குடிச்சிட்டு கெளம்புங்க" என்றேன். மாடுகள் என் கொட்டகைக்குப் போயின.

அதற்குப் பிறகு நாலு வருஷம் நான்தான் முன்வண்டி. அப்புறம் கிழம் செத்தது. வாரத்துக்கு வளர்த்த கன்றுகளிலிருந்து புது ஜோடி சேர்த்தேன். அந்த வழியும் பாவாடை காட்டியதுதான். இந்த வருஷம் வண்டிகள் பூட்டும்போது அவன் தன் மாடுகளை முன்னால் ஓட்டிக்கொண்டு வந்தான். அதுகளும் கிழமாகி விலா எலும்பு தெரிந்தது.

"யக்கா, ஒன் மாடு இப்ப சிங்கம். நீ கடைசில வா."

"இன்னாடா, மறுபடி கடைசிக்கா தள்ற?"

"எவனாச்சும் நின்னா நீதான் இழுக்கணும். மொதல்ல நான்தான் நிப்பேன்."

சொன்னபடியே அதே மேட்டில் நின்றான். முன்னால் ஒரு மணி ஓய்ந்தது எனக்குக் கேட்டது. மாடுகளை அவிழ்த்தேன், கயிற்றைத் தோளில் போட்டேன், ஒவ்வொரு வண்டியாகத் தாண்டி நடந்தேன். காத்தான் இறங்கி வழிவிட்டு, "சீக்கிரம் போ யக்கா" என்றான்.

பாவாடை சக்கரத்தைப் பிடித்துக்கொண்டு வியர்க்க விறுவிறுக்க நின்றான்.

"மணி நின்னு எவ்ளோ நேரமாச்சி? ஒனக்கு இன்னா காது மந்தமா?" என்றான்.