ஆறு வீட்டுக்கு ஒரு கம்பி

கணவன் டெமியனின் வலது கன்னத்தை விரலால் இழுத்துப் பிடித்து ஸ்டெஃபா சவரம் செய்துகொண்டிருந்தாள். பக்கவாதம் வந்த பக்கம் தோல் தொய்ந்திருக்கும். இழுத்துப் பிடிக்காவிட்டால் வெட்டிவிடும். தோளுக்கும் காதுக்கும் நடுவே தொலைபேசி. மறுமுனையில் தங்கை மருஸ்யா.

"வியாழக்கிழமை காலையில சஸ்கட்டூன் ஆஸ்பத்திரிக்குப் போகணும். மார்ல கட்டி இருக்குல்ல, அதைப் பாக்கணுமாம். இவரோட இருக்க ஒரு ஆள் வேணும்."

"நான் எப்படிக்கா வர்றது? எட்மண்டன் என்ன பக்கத்துலயா இருக்கு?"

"உன்னை யாரு கூப்பிட்டா? சும்மா சொன்னேன்."

சும்மா சொல்லவில்லை. இருபத்தாறு வருடமாகக் கனடாவின் அந்தப் பண்ணைச் சாலையில் ஆறு வீட்டுக்கும் ஒரே தொலைபேசிக் கம்பி. ஒரு வீட்டில் பேசினால் மற்ற வீடுகளில் ரிசீவரை எடுத்துவிடுவார்கள். முதலில் எடுப்பவள் அடுத்த பண்ணை பரஸ்கா. அவள் வீட்டுச் சுவர்க்கடிகாரம் டிக் டிக்கென்று காட்டிக்கொடுத்துவிடும். "பரஸ்கா, கீழ வை!" என்று ஸ்டெஃபா எத்தனையோ தடவை அதட்டியிருக்கிறாள். ஆனாலும் டெமியன் படுத்த நாளிலிருந்து அவள் யாரிடமும் வாய்திறந்து உதவி கேட்டதில்லை. தங்கையிடம் சொல்வாள்; வேண்டிய நேரத்துக்கு யாராவது வந்து நிற்பார்கள். நேரில் பார்க்கும்போது ஒட்டுக்கேட்டதைப் பற்றி இரு பக்கமும் மூச்சுவிடமாட்டார்கள்.

வீட்டுக்கொரு தனி இணைப்பு கேட்டு முதலில் கையெழுத்துப் போட்டவளும் ஸ்டெஃபாதான். டெமியனுக்கு மூச்சடைத்த அன்று டாக்டரைக் கூப்பிட ரிசீவரை எடுத்தால், இரண்டு பேர் வெள்ளரிக்காய் ஊறுகாய் பற்றிப் பேசிக்கொண்டிருந்தார்கள். கட்டணம் எல்லாராலும் தாங்கக்கூடியதாக இறங்கியதும், அந்தக் கோடையில் வயலோரம் கேபிள் புதைத்தார்கள். தனி இணைப்பு வந்து ஒன்பது நாள்தான் ஆகியிருந்தது.

வியாழன் காலை கோட்டை மாட்டிக்கொண்டு ஜன்னலருகே நின்றாள். ஏழாயிற்று, எட்டாயிற்று, ஒருவரும் வரவில்லை. அப்போதுதான் உறைத்தது: தங்கையோடு பேசியபோது கடிகாரச் சத்தமே இல்லை.

கோட்டைக் கழற்றினாள். ஆஸ்பத்திரியில் திங்கட்கிழமைக்கு மாற்றிக் கொடுத்தார்கள். அதையும் விட்டால் ஆறு வாரம் என்றார்கள். அன்று முழுக்க தொலைபேசிப் பக்கம் போவதும் திரும்புவதுமாக இருந்தாள்.

மறுநாள் காலை டெமியனுக்குக் கஞ்சி ஊட்டி, வாயைத் துடைத்துவிட்டு, பரஸ்காவின் எண்ணைச் சுழற்றினாள்.

"பரஸ்கா, திங்கக்கிழமை எனக்கு ஆஸ்பத்திரி. மார்ல கட்டி. நீ வந்து இவரைப் பாத்துக்கணும்."

"கட்டியா! எப்பலேர்ந்து? எனக்குத் தெரியவே தெரியாதே!"

"உனக்குத் தெரியக்கூடாதுன்னுதானே தனிக் கம்பி போட்டேன்."

"நல்லா போட்ட, போ. வீட்டுல ரேடியோ செத்த மாதிரி கெடக்கு. எத்தனை மணிக்குக் கிளம்பணும்?"

"ஆறுக்கு."

"வந்துடறேன். ஆனா அவரைப் புரட்டிப் படுக்கவைக்க எனக்குத் தெரியாதே."

"அப்ப இப்பவே வா. காட்டறேன்."

அரை மணியில் பரஸ்கா வந்தாள். முழங்காலை மடக்கி, தோளுக்கும் இடுப்புக்கும் பின்னால் கைகொடுத்து, தன் பக்கம் உருட்ட வேண்டும்; ஸ்டெஃபா ஒருமுறை செய்து காட்டினாள். பரஸ்கா இரண்டுமுறை செய்தாள். இரண்டாவது முறை டெமியன் முனகவில்லை.