வெள்ளைக் குமிழ் வைத்த கியர்

வாய்க்காரி என்று என்னை வீட்டில் எல்லோரும் கொஞ்சினார்கள். அங்கேதான் பிழை தொடங்கியது. ஒன்பது வயதில் அதை ஏதோ பட்டம் என்று நினைத்துக்கொண்டு திரிந்தேன்.

டோர்செட் பார்க் பகுதியில் எங்கள் ஏழாம் மாடி வீட்டில் அப்போது சித்தப்பாவும் இருந்தார். அவரிடம் ஒரு பழைய அமெரிக்க மசில் கார் இருந்தது. அவரைவிட மூத்தது, இரண்டே கதவு, பாதிக் கார் மூக்குத்தான். அது உறுமினால் அம்மா மேலிருந்தே, "துரை வெளிக்கிட்டிட்டார்" என்பா. வேலை செய்த கிடங்கில் பெட்டிகள் சரிந்து அவருடைய இடது முழங்காலில் விழுந்தபின், ஒரு வருடமாக அந்தக் கார் பார்க்கிங்கில் தூசி பிடித்துக் கிடந்தது.

பனி கரைந்த சமயம் ஒரு பெட்டி வந்தது. உள்ளே புதுக் கியர் ஷிஃப்டர், கியர் மாற்றும் தண்டு. காரோடு வந்த பழைய தண்டு தளர்ந்துபோய், மூன்றாவதைத் தேடினால் முதலாவதில் போய் விழுமாம். இது வேறு கம்பனி செய்தது. நுனியில் வெள்ளைக் குமிழ், சின்னதாய் இழுத்தாலே டக் என்று விழும். சித்தப்பா தானே காருக்குக் கீழே படுத்து அதைப் பூட்டினார். கிளச் மிதிக்க இடது கால் வேண்டும், கால் சரியில்லாதவன் இதை வாங்குவானா என்று அப்பாவுக்குச் சந்தோஷம்.

ஞாயிறு காலைகளில், கடைகள் திறக்க முதல், வெக்ஸ்போர்ட்டில் ஒரு பிளாசாவின் வெறும் பார்க்கிங்கில் என்னை ஏற்றிக்கொண்டு சுற்றுவார். இடது கையால் முழங்காலை அமத்தி, பல்லைக் கடித்துக்கொண்டு கிளச்சை மிதிப்பார். வலது கை ஸ்டியரிங்கில் இருக்கும். "இப்ப போடு பிள்ளை!" என்றதும் பக்கத்து இருக்கையிலிருந்து நான் குமிழைப் பிடித்து இழுப்பேன். எனக்கு மட்டும் தந்த செல்லம் அது என்று தலைகால் தெரியாமல் இருந்தேன். "வீட்டில சொல்லிப்போடாதை, கொம்மா என்னைக் கொன்றுபோடுவா" என்று மட்டும் சொல்லிவைத்திருந்தார்.

கோடை முடிகிற ஒரு ஞாயிறு. என் கை போக முதல் அவர் கை குமிழில் இருந்தது. முழங்காலில் கையைக் காணவில்லை. ஒன்று, இரண்டு, மூன்று என்று தானே போட்டார். "பாத்தியே பிள்ளை, பாத்தியே!" என்று கண் கலங்கச் சிரித்தார். நான் என்னத்தைப் பார்த்தேன்? என் கியரைப் பறித்துவிட்டார், அவ்வளவுதான். வீடுவரை முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு வந்தேன்.

அன்று பின்னேரம் பிறம்ரனில் ட்ரக் கம்பனி வைத்திருந்த அங்கிள் வந்தார். அப்பாவின் பழைய சிநேகிதர். பாரம் தூக்க முடியாமல் வேலை இல்லாமல் இருந்த சித்தப்பாவைத் தன்னோடு எடுத்து, ட்ரக் பழக்கி, வேலையும் தருவதாகப் பேச்சு.

"தம்பி, கால் இப்ப எப்பிடி? என்ர ட்ரக் எல்லாம் கிளச் மிதிச்சு ஓடுறது."

"ஒரு பிரச்சினையும் இல்லை அண்ணை. கார் ஓடித் திரியிறன்தானே."

விருந்தாளி வந்தால் பிள்ளை பாடியே ஆகவேண்டும், எங்கள் ஆட்களின் சட்டம் அது. "அங்கிளுக்கு ஒரு தேவாரம் பாடிக் காட்டு" என்று அம்மா என்னை நடு ஹோலில் நிறுத்தினா. கை கூப்பினேன். வாயைத் திறந்தேன்.

"சித்தப்பாக்குக் கால் ஏலாது. கையாலதான் முழங்காலை அமத்துறவர். கியர் போடுறது நான். ஐ டூ இட்!"

அங்கிள் சிரித்தார். அம்மாவும் சிரித்தா. பிறகு ஒருவரும் சிரிக்கவில்லை. "இண்டைக்கு நானே..." என்று தொடங்கிய சித்தப்பா அதோடு நிறுத்திவிட்டார். தேத்தண்ணியைக் குடித்து முடித்த அங்கிள், "பாப்பம் தம்பி, கோல் எடுக்கிறன்" என்று எழும்பினார். அந்தத் தொலைபேசி அழைப்பு வரவேயில்லை. அந்த ஒன்பது வயதுப் பிள்ளையின் வாயில் இரண்டு போடவேண்டும்போல் இன்றைக்கும் எனக்கு இருக்கிறது.

சித்தப்பா என்னை ஏசவில்லை. அடுத்த ஞாயிறும், "வாறியோ?" என்று கேட்டார். பிளாசாவில் இடது கையைப் பழையபடி முழங்காலில் சும்மா வைத்தார். பல்லைக் கடிக்கவில்லை.

"போடு பிள்ளை."

டக் என்று விழுந்தது. என் கியரை எனக்கே திருப்பித் தந்துவிட்டார் என்று எனக்கு அப்படியொரு சந்தோஷம்.