அண்ணியின் நீர்ச்சுண்டி

அண்ணி கல்யாணமாகி பொன்னேரிப் பக்கத்திலிருந்து எங்கள் திருவொற்றியூர் வீட்டுக்கு வந்தபோது, சீர்வரிசையோடு ஒரு பிளாஸ்டிக் வாளியையும் தூக்கிக்கொண்டு வந்தாள். உள்ளே அவள் ஊர் ஏரித் தண்ணீர்; அதில் ஒரு கொடி மிதந்தது. நீர்ச்சுண்டியாம். தொட்டாச்சிணுங்கிக்குச் சொந்தம், தொட்டால் இலை மூடிக்கொள்ளும். தண்டைச் சுற்றியிருந்த வெள்ளைப் பஞ்சினால்தான் மிதக்கிறது என்றாள். அதற்கு வெயில் வேண்டும், அடியில் கொஞ்சம் சேறு வேண்டும், நல்ல தண்ணீர் அசையாமல் நிற்க வேண்டும். வெயிலுக்கும் சேற்றுக்கும் எங்கள் தெருவில் பஞ்சமே இல்லை.

நல்ல தண்ணீர்தான் லாரியில் வரும், அதுவும் ஒருநாள் விட்டு ஒருநாள். வரிசையில் குடம் போட்டு, சண்டை பிடித்து, இடுப்பு ஒடிய நாலு குடம் சுமப்பது பத்து வயதில் என் வேலை. அதில் தினமும் ஒரு சொம்பு அந்தச் செடிக்கு! அண்ணிக்கு அடுப்படியை விட்டு நகர முடியாது என்பதால் ஊற்றும் வேலையும் என் தலையில்தான். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

“குடிக்கவே தண்ணி இல்லாம லோல்பட்டுகினு கீறோம், இவளுக்குச் செடி ஒண்ணுதான் கேடு” என்று அம்மா, அண்ணி காதில் விழும்படியே சொல்வாள்.

ஒருநாள் பொறுமை போய், அடிபம்பில் பிடித்து ஊற்றினேன். கடலோரத்து பம்பு, துணி துவைக்க மட்டும் ஆகும் உப்புத் தண்ணீர். தண்ணீர் என்றால் தண்ணீர்தானே என்று ஒரு வாரம் அதையே ஊற்றினேன். இலைகள் மஞ்சளாகி உதிர்ந்தன. பஞ்சு கறுத்துக் கழன்றது. தண்டு வாளிக்கு அடியில் போய்ப் படுத்துவிட்டது.

அண்ணி வாளியில் விரலை நனைத்து நாக்கில் வைத்தாள். என்னை ஒருமுறை பார்த்தாள். அதற்குள் அம்மா வந்துவிட்டாள்.

“இன்னா, பூட்ச்சா?”

“நான்தான் அத்தை, தெரியாம பம்புத் தண்ணிய ஊத்திட்டேன்.”

ஒரு செடியை வளர்க்கத் தெரியாதவள் என்ன குடும்பம் நடத்துவாள் என்று அம்மா அன்று முழுக்க விடாமல் திட்டித் தீர்த்தாள். எனக்கோ எரிச்சல் தாங்கவில்லை. யார் ஊற்றியது என்றுகூடத் தெரியாத இந்த மக்கையா அண்ணன் தேடிப்பிடித்துக் கட்டிக்கொண்டு வந்தான்!