சின்சேயின் நாய்

நாவற்பழம் தின்ற குழந்தையின் நாக்கைப் போலத்தான் அந்த நாயின் நாக்கு இருக்கும். கறுப்பும் நீலமும் கலந்த நிறம். மலாக்காவில் எங்கள் கஜா பேராங் பகுதியில் அப்படி ஒரே ஒரு நாய்தான் இருந்தது. அது சின்சேயின் நாய். சீன வைத்தியரைச் சின்சே என்போம். அவர் கடையில் என் அப்பா மருந்து வேர்களை நறுக்கும் வேலை பார்த்தார். தாயில்லாத நானும் அப்பாவும் கடையின் பின்னறையில் குடியிருந்தோம்.

கடவுள் வானத்துக்கு நீலம் பூசியபோது சிந்திய துளிகளை இந்த நாயின் முப்பாட்டன் நக்கிவிட்டான், அந்தச் சாயம்தான் இன்னும் போகவில்லை என்று சின்சே சிரிக்காமல் சொல்வார். பதினோரு வயதில் நான் அதை நம்பினேன். சிங்கத்துக்கு இருப்பது போல நாய்க்குக் கழுத்தைச் சுற்றி அடர்ந்த முடி. பின்னங்கால்களை மடக்காமல் விறைப்பாக நடக்கும். குரைப்பது அபூர்வம். யார் கூப்பிட்டாலும் திரும்பாது. சின்சே வந்தால் மட்டும் எழுந்துபோய் அவர் முழங்காலில் தலையைச் சாய்த்துக்கொள்ளும்.

சீனாவில் ஜப்பான்காரர்கள் செய்த கொடுமைகளைப் பற்றிக் கூட்டங்களில் பேசியவர் சின்சே. அவர்கள் மலாக்காவுக்குள் வந்ததும் மனைவியைத் தெங்கேராவில் உறவினர் வீட்டுக்கு அனுப்பிவிட்டு, குருபோங் பக்கம் காய்கறித் தோட்டத்தில் போய் ஒளிந்துகொண்டார். நாயை எங்களிடம் விட்டார். முடியை அடிவரை சீவ வேண்டும், இல்லாவிட்டால் தோலில் புண் வரும். வெயில் ஏறினால் ஈரச்சாக்கில் படுக்கவைக்க வேண்டும். எல்லாவற்றையும் அவர் எனக்குச் செய்துகாட்டினார். அப்பா சொன்னது ஒன்றே ஒன்றுதான். "என்ன வேணா செய்யி. அவுத்து மட்டும் விட்டுறாத. அவர எங்க கண்டாலும் இது போயி நிக்கும்."

நான் அவிழ்த்துவிட்டேன். நண்பகல் வெயிலில் அது மூச்சிரைத்துக்கொண்டு கிடந்தது. கயிறு கழுத்து முடியில் சிக்கியிருந்தது. கிணற்றடிக்குக் கொண்டுபோய்த் தண்ணீர் ஊற்றத்தான் அவிழ்த்தேன். அது கிணற்றடிக்கு வரவில்லை. தெருவை நோக்கி நடந்தது. நான் பின்னால் ஓடினேன்.

முச்சந்தியில் ஜப்பானியச் சிப்பாய்கள் சீன ஆண்களை வரிசையில் நிறுத்தியிருந்தார்கள். தலையில் சாக்கு மாட்டிய ஓர் ஆள் துளைகள் வழியாக ஒவ்வொரு முகமாகப் பார்த்தான். அவன் தலையசைத்தால் லாரியில் ஏற்றினார்கள். வரிசையில் மொட்டைத் தலையோடு, தோளில் காய்கறிக் காவடி சுமந்து ஒரு தோட்டக்காரர் நின்றார். சாக்குக்காரன் அவரைக் கடந்து போய்விட்டான். எனக்கே அவரை அடையாளம் தெரியவில்லை.

நாய்க்குத் தெரிந்தது. நேராகப் போய் அவர் முழங்காலில் தலையைச் சாய்த்தது. அவர் குனியவில்லை. காலால் எட்டி உதைத்தார். அவர் அதை அடித்து நான் பார்த்ததே இல்லை. அது திரும்பவும் வந்து அவர் பாதத்தின் மேல் படுத்துக்கொண்டது. சாக்குக்காரன் திரும்பி வந்தான். நாயின் வாயைப் பிளந்து நாக்கைப் பார்த்தான். "இனி சின்சே புன்யா அஞ்சிங்" என்று மலாயில் சொன்னான். இது சின்சேயின் நாய். அந்தக் குரல் எங்கள் ஊர்க் குரல்தான்.

லாரியில் ஏறும்போது சின்சே என்னைப் பார்த்தார். அதற்குப் பிறகு அவரை யாரும் பார்க்கவில்லை.

சில நாள் கழித்து அவர் மனைவி வந்தார். வாசலில் நின்றபடியே அப்பாவிடம் மலாயில் கேட்டார், "சியாப்பா லெப்பாஸ்?" அவிழ்த்துவிட்டது யார்? நான் வாயைத் திறப்பதற்குள் அப்பா சொன்னார், "சாயா." நான்தான். அந்த அம்மாள் அப்பாவின் காலடியில் காறித் துப்பினார். நாயைக் கொண்டுபோகவில்லை. அது சாகும்வரை தினமும் அதற்கு முடி சீவியது நான்தான்.

அப்பா ஆளைக் காட்டிக்கொடுத்தார் என்றே ஊரில் பேச்சு நிலைத்துவிட்டது. போர் முடிந்த பிறகும் எந்தச் சீனக் கடையும் அவருக்கு வேலை தரவில்லை. உஜோங் பாசிரில் மீன்கூடை சுமந்தே முதுகு வளைந்து செத்தார். என்னை ஒரு வார்த்தை கேட்டதில்லை. ஒருமுறையாவது அடித்திருக்கலாம்.

சின்சேயின் மனைவி அப்பாவுக்குப் பிறகும் நெடுங்காலம் இருந்தார். கல்யாணமான பிறகும் நான் அவர் வீட்டுக்கு இரண்டு தெரு தள்ளித்தான் குடியிருந்தேன். சந்தையில் பார்த்தால், அப்பாவின் மகள் என்று முகத்தைத் திருப்பிக்கொள்வார். கூப்பிட்டு நிறுத்திச் சொல்லியிருக்கலாம். அவர் சாகும்வரை நான் சொல்லவில்லை.